டுன் கார்ம் கவிதையில் சொல்தூய்மையும் தேசியமும்

மால்டாவின் தேசியக் கவிஞர் எனப் போற்றப்படுபவர் டுன் கார்ம் (1871-1961). கார்மெலோ ப்சைலா என்பது இவரது இயற்பெயர். ‘டுன்’ என்பது கத்தோலிக்கக் குருமார்க்கு வழங்கும் மதிப்பு அடை. ஸெப்பூஜ் என்னும் ஊரில் பிறந்து 1894இல் குருவான இவர், முதலில் இத்தாலிய மொழியிலேயே கவிதை இயற்றி வந்தார். மால்டிய மொழியில் இவரது முதற்கவிதை 1912இல், ஏறத்தாழ நாற்பதாம் அகவையில்தான் வெளிவந்தது. கலப்பற்ற செமித்தியச் சொல்வளமே இவரைத் தேசியக் கவிஞராக்கியது என்னும் கருத்து உண்டு. அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது ஈண்டு ஆராயப்படுகிறது.

மால்டிய மொழி, சிசிலியில் வழங்கிய அரபு வழக்கினின்றும் கிளைத்தது; இலத்தீன் வரிவடிவில் எழுதப்படுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் செமித்திய இனம் சார்ந்தது இஃது ஒன்றே. ஆயினும் இதன் அகராதிச் சொற்களில் ஏறத்தாழப் பாதி, சிசிலிய, இத்தாலிய மொழிகளிலிருந்து வந்தவை. இவ்விரு அடுக்குகளும் அருகருகே நிற்கின்றன. நிலத்தைக் குறிக்கும் ‘ஆர்ட்’ செமித்தியம். நாட்டைக் குறிக்கும் ‘பய்யீஸ்’ இத்தாலியம். தாயைக் குறிக்கும் ‘ஒம்’ செமித்தியம். தந்தையைக் குறிக்கும் ‘மிசியேர்’ ரொமான்ஸ் மொழிவழி வந்தது. எனவே செமித்தியச் சொற்கள் மக்கள் வழக்கு, ரொமான்ஸ் சொற்கள் கற்றோர் வழக்கு என எளிதாகப் பகுத்துவிட இயலாது.

டுன் கார்ம் எழுதிய காலத்தில் இச்சொற்பாகுபாடு அரசியல் பாகுபாடாகவும் இருந்தது. நீதிமன்றத்திலும் உயர்கல்வியிலும் நெடுங்காலம் இத்தாலியமே கோலோச்சியது. 1921ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இத்தாலியத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழிகளாக ஏற்றது. மால்டிய மொழி அந்நிலையை எய்தியது 1934இல். இடைப்பட்ட ஆண்டுகளில் எழுத்தாளர் சங்கம் வகுத்த எழுத்துமுறையே பின்னர் அரசின் ஏற்பைப் பெற்றது. அச்சங்கத்தில் டுன் கார்மும் பங்கு கொண்டார். 1947 முதல் 1955 வரை வெளிவந்த ஆங்கில-மால்டிய அகராதியும் இவர் தொகுத்ததே. ஆகவே இவரது சொற்றேர்வை, மொழியின் இருப்பை நன்கறிந்த ஒருவரின் திட்டமிட்ட தேர்வாகவே கொள்ளல் வேண்டும்.

இதற்குத் தக்க சான்று நாட்டுப்பண். ராபர்ட் சாமுட் அமைத்திருந்த இசைக்கு, பள்ளிச் சிறாருக்கென இயற்றப்பட்ட ஆறடிப் பாடல் அது. 1964ஆம் ஆண்டின் விடுதலை அரசியலமைப்பில் நாட்டுப்பண்ணாக இடம்பெற்றது. ஆள்வோர்க்கும் உடைமையாளர்க்கும் உழைப்போர்க்கும் வேண்டுவனவற்றை இறைவனிடம் இரந்து, மக்களின் ஒற்றுமையையும் அமைதியையும் நாடும் மன்றாட்டாக அது அமைந்துள்ளது. அதன் சொற்களை அடுக்குவாரியாகப் பகுத்துப் பார்ப்பின், மால்டிய மக்களைச் சுட்டும் பெயர் ஒன்று நீங்கலாக ஏனைய யாவும் செமித்தியமே. அப்பெயரும் செமித்தியப் பன்மை விகுதி ஏற்றே வருகிறது. கத்தோலிக்கக் குரு ஒருவர் இறைவனை ‘அல்லா’ என விளிப்பதும் அம்மொழியில் இயல்பான வழக்கே.

சொல்லை மட்டும் நோக்குவோர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். யாப்பை நோக்குவோர்க்கு வேறொன்று புலப்படும். நாட்டுப்பண்ணின் ஒவ்வோர் அடியும் இத்தாலியக் கவிதைக்குரிய பதினோரசை அடி. இயைபும் ஐரோப்பிய மரபினது. ஊகோ ஃபொஸ்கொலோவின் கல்லறைகள் பற்றிய இத்தாலிய நெடும்பாடலை மால்டிய மொழியில் பெயர்த்தபோதும், தலைப்பிற்கு இவர் ‘ஒக்ப்ரா’ என்னும் செமித்தியச் சொல்லையே ஆண்டார். இத்தாலியத்தை ஒதுக்கிய கவிஞராக இவரைக் காண்பது இதனால் பொருந்தாது. சொல்லில் விலக்கியதை இவர் வடிவில் ஏற்றுக்கொண்டார். ‘தேசியக் கவிஞர்’ என்பதற்கு மால்டியர் வழங்கும் ‘போயெட்டா நட்ஸ்யொனாலி’ என்னும் தொடரின் இரு சொற்களும் இத்தாலியமே என்பதும் எண்ணத்தக்கது.

இவ்வுண்மை மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது. அரபியல் அறிஞர் ஆர்பெரி 1961இல் இவரது கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். பிறமொழியினர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே இக்கவிஞரை அணுகுவர். பொருள் மட்டும் பெயர்க்கப்படுமாயின், நிலம் ‘ஆர்ட்’ எனப்பட்டதா ‘பய்யீஸ்’ எனப்பட்டதா என்னும் வேறுபாடு மறைந்துபோகும். தாய்ச்சொல், கடன்சொல் என்னும் இரு அடுக்குகளை உடைய மொழிக்குப் பெயர்ப்பவர், தம் மொழியின் தாய்ச்சொல் அடுக்கைக்கொண்டு அவ்வேறுபாட்டை ஓரளவு காக்கலாம். எனினும் அதை மட்டும் காத்து யாப்பினைக் கைவிடின், கலப்பை வெறுத்த கவிஞர் ஒருவரின் பொய்யுருவமே எஞ்சும்.

டுன் கார்மின் தூய்மை ஒரு நடைக்கூறு. மால்டிய மொழியின் முழு உருவம் அன்று. அதனையே தேசியத்தின் அளவுகோலாக்கினால், தந்தையைக் குறிக்கும் சொல்லையும் அயலதென விலக்க நேரும். செமித்தியச் சொல்லும் இத்தாலிய யாப்பும் ஒன்றில் ஒன்று இயைந்த இடத்திலேயே இவரது தேசியத்தன்மை தங்கியுள்ளது எனலாம்.