லாடக்காரர் வராத கப்பல்

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபத்தில், வெளிவரிசைத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால் தூக்கிப் பாய்ந்து நிற்கின்றன. மேலே வீரன், கீழே காலடியில் ஆட்களும் விலங்குகளும். நூற்றுக்கால் மண்டபம் என்று ஊரார் சொல்லும் இது விஜயநகர காலத்து வேலை. செவிலிமேட்டிலிருந்து கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தூண்களின் முன்னால் ஒரு கேள்வியோடு நிற்கிறேன். இத்தனை குதிரைகளைக் கல்லில் செதுக்கிய இந்த மண், உயிருள்ள குதிரையில் தனக்கென்று ஓர் இனத்தை ஏன் வளர்த்துக்கொள்ளவில்லை?

பழங்கதை பேசும் ஆசையால் இதைக் கேட்கவில்லை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய் வருபவர்களும், வீட்டில் ஒரு குதிரை கட்டியிருப்பவர்களும் இன்றைக்கும் இதே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். இருக்கும் குதிரையைப் பழக்கித் தேற்றுவதா, பெட்டைக் குதிரையைச் சினைக்கு விட்டுக் குட்டி எடுப்பதா, இன்னொன்றை விலைக்கு வாங்குவதா? தமிழ் வேந்தர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ‘வாங்குவது’ என்ற ஒரே விடையைச் சொன்னார்கள். அந்த விடையின் நிறை குறைகளை எடைபோட்டால் நம் தயக்கம் தெளியும்.

காஞ்சியிலிருந்தே தொடங்கலாம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தில் வெண்ணிறப் பிடரி மயிர் கொண்ட குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொண்டுவந்த கப்பல்களைக் காட்டுகிறது. பட்டினப்பாலையின் காவிரிப்பூம்பட்டினத்திலும் குதிரை கடல்வழியாகவே வருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகள் வருகிறார்கள். குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்ட கதையும், நரி பரியான கதையும் எல்லாரும் அறிந்தவை. அந்தக் கதைகளிலும் பாண்டியனுக்குக் குதிரை சொந்த லாயத்தில் பிறக்கவில்லை. பொன்மூட்டையோடு ஆள் அனுப்பித்தான் வாங்க வேண்டியிருந்தது.

வாங்கியதற்கு வலுவான நியாயங்கள் உண்டு. முதலாவது காலம். குதிரை சினையாகிப் பதினொரு மாதம் கழித்து ஒரே ஒரு குட்டி போடும். அந்தக் குட்டிமேல் சேணம் வைக்க மூன்று நான்கு வயதாக வேண்டும். முதுகெலும்பு முற்றிப் போர்ச்சுமை தாங்க மேலும் ஓரிரு ஆண்டுகள். அடுத்த கோடையில் படையெடுத்து வரும் பகைவனைத் தடுக்க நினைப்பவன், ஐந்தாறு ஆண்டு கழித்துக் கிடைக்கும் குதிரையை நம்பி உட்கார முடியாது. இரண்டாவது மண். காவிரிக் கரையிலும் பாலாற்றுக் கரையிலும் நல்ல நிலமெல்லாம் நெல்லுக்குப் போனது. நெல் கொடுத்த தீவனம் வைக்கோல். மாடு அசைபோடும் விலங்கு என்பதால் வைக்கோலிலிருந்தும் சத்தைப் பிரித்தெடுக்கும். குதிரை அசைபோடாது, அதற்குப் பசும்புல் தரையும் ஓட வெட்டவெளியும் வேண்டும். மூன்றாவது தெளிவு. வாங்கும் குதிரையின் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கலாம், நடக்கவிட்டுக் காலைப் பார்க்கலாம். பிறக்கப்போகும் குட்டியில் இவை எதையும் முன்கூட்டிப் பார்க்க வழியில்லை.

இந்த மூன்றையும் நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய குதிரை நம்மிடம் வந்த பிறகு என்ன ஆனது?

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு கணக்கை எழுதிவைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து மாபாருக்கும், அதாவது நம் பாண்டிய நாட்டுக் கரைக்கும், அதை ஒட்டிய துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின. ஒரு குதிரை 220 பொன் தினார் என்று கொண்டு, மொத்தம் 22 லட்சம் தினார். அந்தப் பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் வந்தது என்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் நெஞ்சைச் சுடுகிறது. அரசனும் அவனுடைய சகோதரர்கள் நால்வரும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. இவர்களுக்குக் குதிரையைப் பேணத் தெரியவில்லை, லாடம் அடித்து வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை என்கிறார் அவர். குதிரை வணிகர்கள் லாடக்காரரைத் தங்களோடு அழைத்து வராததோடு, வேறு யாரும் வந்துவிடாமல் தடுத்தும் வைத்தார்களாம். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்குச் சரக்கு ஏறும்!

வெளிநாட்டுப் பயணிகள் மிகைப்படுத்துவார்கள் என்பது உண்மை. ‘நூறுகூட மிஞ்சவில்லை’ என்பதை அப்படியே எண்ணிக்கையாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரையொருவர் சாராமல் எழுதிய இருவரும், இங்கே குதிரைகள் பேணத் தெரியாமல் நலிந்தன என்பதில் ஒத்துப்போகிறார்கள். சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. நெய் சேர்த்த தானியத்தையும் காய்ச்சிய பாலையும் ஊட்டினார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். இதில் கொடுமை செய்யும் நோக்கம் துளியும் தெரியவில்லை. வீட்டில் எது உயர்ந்த உணவோ அதைத் தூக்கிக் கொடுத்த அன்பு தெரிகிறது. அறிவு சேராத அன்பு அந்தக் குதிரைகளின் உயிரை வாங்கியது.

பெரிய ஆண் குதிரையையும் பெரிய பெட்டையையும் சேர்த்தாலும் இங்கே கால் கோணிய சிறு குட்டிதான் பிறந்தது என்றும் போலோ எழுதுகிறார். ‘இந்த மண்ணில் குதிரை வளராது’ என்ற முடிவுக்குப் பலர் இதை ஆதாரமாகக் கொள்கிறார்கள். இன்றைய கால்நடை அறிவியலில் இதற்கு வேறொரு விளக்கம் கிடைக்கக்கூடும். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அவற்றையே நம்பி வளரும் குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலியும், முகம் வீங்கும், கால் நொண்டும். சினைப் பெட்டைக்கும் பால்குடிக் குட்டிக்கும் இந்தக் குறை வந்தால் கால் எப்படி நேராக வளரும்? பழியை மண்மேல் போடுவதற்கு முன் தொட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

இதே தமிழ் மண் மாட்டில் என்ன செய்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டு வறண்ட நிலத்தில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப்புல் வளர்த்து, இடையிடையே வெள்வேல மரம் விட்டு, கொறங்காடு என்ற மேய்ச்சல் முறையையே உழவர்கள் உருவாக்கினார்கள். அந்தக் காட்டில் தேறியதுதான் காங்கேயம் மாடு. தேர்ந்தெடுத்த காளைகளைக் கொண்டு அந்த இனத்தைச் செம்மைப்படுத்தியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மேய்ச்சல் நிலம், தேர்வு, தலைமுறைப் பொறுமை ஆகிய மூன்றும் நம்மிடம் இருந்தன. அவை மாட்டுக்குக் கிடைத்தன, குதிரைக்குக் கிடைக்கவில்லை. தேசிய அளவில் பதிவான குதிரை இனங்களில் மார்வாரி, கத்தியவாரி, மணிப்பூரி, ஸ்பிதி, சான்ஸ்காரி என்று பல இடத்துப் பெயர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பெயரில் ஒன்றும் இல்லை.

வாங்கியே பழகியதன் இரண்டாவது குறை, பிடி விற்பவன் கைக்குப் போனது. விஜயநகர வேந்தன் சாளுவ நரசிம்மன் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளைத் தருவித்தபோது, கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலும் உயிருள்ள குதிரைக்குரிய விலையைக் கொடுத்தான் என்று போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதியிருக்கிறார். வணிகனைக் கவர நல்ல வழிதான். ஆனால் வாலுக்கும் முழு விலை கிடைக்கும்போது, கப்பலில் தண்ணீரும் காற்றும் கொடுத்துக் குதிரையைக் காப்பாற்ற வணிகனுக்கு என்ன அவசரம்? இழப்பு முழுதும் வாங்குபவன் தலையில் விழுந்தது. கடல் வணிகருக்கு ஊரும் மனையும் மதிப்பும் கொடுத்து, குதிரையும் யானையும் பகைவரிடம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிருஷ்ணதேவராயரே தம் ஆமுக்தமால்யதா காவியத்தில் அறிவுரை சொல்கிறார். 1510இல் கோவா போர்ச்சுகீசியர் கைக்குப் போனபின், குதிரை வாணிகத்தின் சாவி அவர்கள் இடுப்பில் தொங்கியது. 1547இல் விஜயநகரம் அவர்களோடு செய்த உடன்படிக்கையில், குதிரைகளைப் பீஜப்பூருக்கு விற்காமல் தனக்கே விற்க வேண்டும் என்பது முக்கியமான ஷரத்து. ஒரு பேரரசின் படைவலிமை இன்னொருவன் துறைமுகத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

அப்படியானால் சொந்தமாக வளர்ப்பதே சரி என்று முடித்துவிடலாமா? அதற்கும் வரலாறு இடம் தரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரின் பூசாவில் பெரிய இனவிருத்திப் பண்ணை வைத்தது. 1808இல் அதன் பொறுப்பை ஏற்ற வில்லியம் மூர்கிராஃப்ட் முறையாகப் படித்த கால்நடை மருத்துவர். ஓட்ஸ் பயிரிட்டார், தீவனத்தைச் சீர்செய்தார், நோயைக் குறைத்தார். அவருக்கே நல்ல பொலிகுதிரை போதவில்லை. அதைத் தேடி லடாக் வழியாகப் புகாரா வரை போய்ச் சேர்ந்தார். திரும்பும் வழியில் 1825இல் இறந்தார். வளர்ப்பதில் வல்லவரையும் வெளிக் குருதியின் தேவை வீட்டைவிட்டு விரட்டியது. நம் பக்கத்தில், 1824இல் ஓசூர் மத்திகிரியில் படைக்குதிரைக்காகத் தொடங்கிய பண்ணை பிற்பாடு கால்நடைப் பண்ணையாக மாறியது. சென்னைப் படை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் வந்த ‘வேலர்’ குதிரைகளை வாங்கியது. வளர்ப்பு மட்டும் போதும் என்று இருப்பவன், சிறு மந்தைக்குள்ளேயே இனம் சேர்த்துக் குறைகளைப் பெருக்கிக்கொள்கிறான். முதலும் காலமும் கொட்டியபின் பிறப்பது சராசரிக் குட்டியாகவும் இருக்கலாம்.

ஆகவே வாங்குவது, வளர்ப்பது என்ற இரண்டில் எது மேல் என்ற கேள்வியே பாதிதான். மீதிப் பாதிக்கு விடை எங்கள் ஊர்த் தறியில் இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்குக் கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இரண்டும் விலைக்கு வாங்கியவை. ஆனாலும் சேலை காஞ்சியினுடையது. ஏனென்றால் உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வை இங்குள்ள கைகளில் இருக்கிறது. நெசவாளர் வாங்கியது நூலை. தொழிலை அவர் யாரிடமும் வாங்கவில்லை. பாண்டியர் குதிரையை வாங்கினார்கள், குதிரைத் தொழிலை ஊரில் வேரூன்ற வைக்கவில்லை. தோல்வி அந்த இடத்தில் நடந்தது. வாங்கிய 10,000 குதிரையோடு பத்து லாடக்காரரை அழைத்துவந்து குடியமர்த்தி, பத்துப் பிள்ளைகளை அவர்களிடம் தொழில் கற்க விட்டிருந்தால், ஒரு தலைமுறையில் கணக்கு மாறியிருக்கும்.

இதை இன்றைய குதிரைக்காரருக்குப் பொருத்திச் சொல்கிறேன். இரண்டாவது குதிரைக்குப் பணம் எடுப்பதற்கு முன், முதல் குதிரை ஏன் போதவில்லை என்று பாருங்கள். அது ஓடவில்லை என்றால் குறை பிறவியிலா, பழக்கத்திலா, தீவனத்திலா, குளம்பிலா? ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ ஆள் வருகிறாரா? கொள்ளையும் தவிட்டையும் குறைத்துப் புல்லைக் கூட்டிப் பார்த்தீர்களா? இவற்றைச் சரிசெய்யாமல் வாங்கும் புதுக் குதிரை ஓராண்டில் பழைய குதிரையின் நிலைக்கே வந்துசேரும். இவையெல்லாம் சரியாக இருந்தும் அதன் உடற்கட்டு உங்கள் வேலைக்கு ஒத்துவரவில்லை என்றால், தயங்காமல் வாங்குங்கள். குதிரை கூட்டமாக வாழும் உயிர். தனியே கட்டிக் கிடக்கும் குதிரைக்குத் துணை வேண்டும் என்பதும் வாங்க நல்ல காரணமே. வாங்கும்போது சுழி பார்ப்பவர் பார்க்கட்டும். அதற்கு முன் குளம்பையும் பல்லையும் மூச்சையும் பாருங்கள், கிளாண்டர்ஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், வந்ததைச் சில வாரம் தனியே கட்டுங்கள். குட்டி எடுக்க நினைப்பவர், மேய்ச்சல் நிலமும் ஐந்தாண்டுப் பொறுமையும் நல்ல குணமுள்ள பெட்டையும் மூன்றும் இருந்தால் மட்டும் இறங்கட்டும்.

செவிலிமேடு என்ற எங்கள் ஊர்ப் பெயரில் செவிலி என்ற சொல் இருக்கிறது. அகப்பாடல்களில் செவிலி, தலைவியைப் பெற்றவள் அல்லள், வளர்த்தவள். பெற்ற தாய்க்கு நிகராக அவளுக்கு அங்கே இடம் உண்டு. உங்கள் லாயத்தில் பிறந்த குதிரையானாலும் சந்தையில் வாங்கிய குதிரையானாலும் அதற்குச் செவிலி வேண்டும். அந்தச் செவிலியை முதலில் தேடுங்கள். குதிரையைப் பிறகு வாங்கலாம்.