எளிய ஆங்கிலமும் தரவுத்தள உசாவலும்: ஒரு மதிப்பாய்வு

1. முன்னுரை

கணிப்பொறியில் அட்டவணைகளாகச் சேமிக்கப்பட்ட செய்திகளைப் பெறுவதற்குத் தனியானதொரு கட்டளைமொழியை அறிந்திருத்தல் வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் நிலவியது. 1970ஆம் ஆண்டில் எட்கர் காட் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை முன்வைத்தார். 1974இல் சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவரும் அக்கோட்பாட்டிற்கேற்ற சீக்குவெல் என்னும் உசாவல் மொழியை வெளியிட்டனர். அதன் வழிவந்த எஸ்.க்யூ.எல். இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது. பெரும் மொழி மாதிரிகள் பரவிய பின்னர், இம்மொழியை அறியாதவரும் தம் வினாவை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும், மாதிரியே அதனைக் கட்டளையாக மாற்றி விடையைத் தரும் என்று கூறப்படுகிறது.

இக்கூற்றில் இரண்டு எடுகோள்கள் அடங்கியுள்ளன. எளிய சொற்களாலான வினா ஒரே பொருளை உடையது என்பது முதலாவது. பிறமொழி வினாக்களையும் ஆங்கிலத்தின் வழியே பொருள் குறையாமல் கட்டளையாக்க இயலும் என்பது இரண்டாவது. இவ்விரு எடுகோள்களும் எந்த அளவிற்குப் பொருந்துவன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருவனந்தபுரத்தில் வளர்ந்த சொல்லடைவுப் பணியும், அந்நகரில் பாதுகாக்கப்படும் ஓலை ஆவணங்களும் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

2. முன்னைய முயற்சிகள்

இயற்கைமொழியில் தரவுகளை உசாவும் எண்ணம் புதியதன்று. 1961இல் கிரீனும் அவருடைய குழுவினரும் அமைத்த பேஸ்பால் என்னும் நிரல், அமெரிக்கப் பந்தாட்டப் போட்டிகளைப் பற்றிய ஆங்கில வினாக்களுக்கு விடை தந்தது. அப்பல்லோ பயணத்தில் கொணரப்பட்ட நிலவுப் பாறைகளின் வேதியியல் பகுப்பாய்வுகளை உசாவுவதற்கு வில்லியம் வுட்சு உருவாக்கிய லூனார் அமைப்பு, 1971இல் நிலவியல் அறிஞர்களின் மாநாடொன்றில் செயல்படுத்திக் காட்டப்பட்டது.

இவ்வமைப்புகளில் வினாவின் தொடரமைப்பு, சொற்பொருள், அளவைச்சொற்களின் ஆட்சியெல்லை ஆகியவற்றிற்குரிய விதிகளை மொழியியல் அறிந்தோர் எழுதினர். ஒரு துறைக்கு எழுதிய விதிகள் மற்றொரு துறைக்குப் பொருந்தவில்லை. எனவே இம்முயற்சிகள் பரவலாகவில்லை. பெரும் மொழி மாதிரிகள் இத்தடையைப் பெருமளவு நீக்கியுள்ளன. துறைதோறும் புதிய இலக்கணம் எழுதவேண்டிய தேவை குறைந்துவிட்டது. நிரல் எழுதத் தெரியாத ஆய்வாளரும் பெருந்தரவுகளை அணுக முடிகிறது. இப்பயனை மறுத்தற்கில்லை. ஆயினும், பழைய அமைப்புகளில் எழுதப்பட்ட விதியாக இருந்த பொருள்கோள் முடிவு, புதிய அமைப்புகளில் கண்ணுக்குப் புலப்படாததாகிவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

3. சொல்லடைவு என்னும் தரவுத்தளம்

கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் வெளியீடாக வ.அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. பழந்தமிழ் நூலொன்றின் இலக்கணத்தை எழுதுவதற்கு முன் அதன் சொற்கள் முழுவதையும் அடைவுபடுத்த வேண்டும் என்னும் ஆய்வுநெறி திருவனந்தபுரத்தில் வேரூன்றியது. 1992இல் தாமஸ் லேமன், தாமஸ் மால்தன் ஆகியோர் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவு கணிப்பொறியின் துணைகொண்டு உருவாக்கப்பட்டது.

சொல்லடைவும் ஒரு தரவுத்தளமே. இன்ன சொல் எங்கெங்கு வருகிறது என்னும் வினாவிற்கு அது விடை தருகிறது. அவ்விடையைத் தருவதற்கு முன் தொகுப்பாளர் பல முடிவுகளை எடுத்தாக வேண்டும். கொல் என்னும் வடிவத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது வினையடியாக வரும். ஐயப்பொருள் தரும் இடைச்சொல்லாக வரும். கொல்லனது தொழிலைக் குறிக்கும் பெயராகவும் வரும். புறநானூற்றின் 95ஆம் பாடலில் உலைக்களத்தைக் குறிக்கும் கொற்றுறை என்னும் தொடரில் இப்பெயர் புணர்ச்சியால் உருமாறி நிற்கிறது.

‘புறநானூற்றில் கொல் எத்தனை இடங்களில் வருகிறது?’ என்னும் வினாவை மொழிமாதிரியிடம் கொடுத்தால், பாடல்கள் வெறும் எழுத்துத் தொடராக மட்டும் சேமிக்கப்பட்ட நிலையில், எழுத்துப் பொருத்தம் தேடும் கட்டளையையே அது பெரும்பாலும் எழுதக்கூடும். அக்கட்டளை கொல்லி என்னும் மலைப்பெயரைக் கணக்கில் சேர்க்கும், கொன்று, கொன்ற ஆகிய வினைவடிவங்களை விட்டுவிடும், கொற்றுறையைக் காணாது, இடைச்சொல்லையும் வினையையும் ஒன்றாக எண்ணும். இத்தனைக்கும் கட்டளையில் இலக்கணப் பிழை இராது. விடையாக ஒரே ஓர் எண் கிடைக்கும். அவ்வெண் ஆய்வுக் கட்டுரையில் சான்றாகவும் இடம்பெற்றுவிடும்.

அச்சிட்ட சொல்லடைவிலும் தவறு நேரலாம். ஆனால் தொகுப்பாளர் எவ்வடிவத்தை எத்தலைச்சொல்லின் கீழ் வைத்தார் என்பதைப் படிப்பவர் காணலாம்; பாடல் எண்ணைக் கொண்டு மூலத்தோடு ஒப்பிடலாம்; மறுக்கவும் செய்யலாம். சொல்லடைவின் நம்பகத்தன்மைக்கு இவ்வெளிப்படைத்தன்மையே அடிப்படை எனலாம்.

4. வினாவின் பன்பொருண்மை

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 2022 திசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. கேரள ஆவணக்காப்பகத்தின் பொறுப்பிலுள்ள ஓலைகள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவை. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை முதலிய எழுத்துகளில் எழுதப்பட்ட இவ்வாவணங்கள் திருவிதாங்கூரின் நிலவுடைமை, வரி, கோயில் நிர்வாகம் ஆகியவற்றிற்கு மூலச்சான்றுகளாகும். இத்தகைய ஆவணங்களின் அட்டவணை ஒன்று தரவுத்தளமாக அமைக்கப்படுவதாகக் கொண்டு, பின்வரும் மூன்று வினாக்களை நோக்கலாம்.

(1) எல்லாக் கட்டுகளிலும் வரும் ஊர்ப்பெயர்கள் எவை?

ஒவ்வொரு கட்டிலும் தவறாது இடம்பெறும் பெயர்கள் எவை என்பது இதன் ஒரு பொருள். கட்டுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில் கிடைக்கும் பெயர்கள் எவை என்பது மற்றொரு பொருள். தமிழில் எல்லா என்னும் அடையும் முற்றும்மையும் இவ்விரு பொருளுக்கும் இடந்தருகின்றன. கட்டளைமொழியில் முதற்பொருளுக்கும் இரண்டாம் பொருளுக்கும் வேறுவேறு அமைப்புகள் தேவை. முதலாவது ஒருசில பெயர்களையே தரலாம். இரண்டாவது ஆயிரக்கணக்கில் தரலாம். இவ்வினாவை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது மொழிபெயர்ப்பவர், அவர் மனிதராயினும் பொறியாயினும், பெரும்பாலும் ஒரு பொருளைத் தெரிந்துகொண்டுவிடுகிறார். அதன்பின் கட்டளையை எழுதும் மாதிரிக்கு ஐயம் தோன்றுவதற்கே வாய்ப்பில்லை.

(2) படிக்கப்படாத ஓலைகள் எத்தனை?

அட்டவணையில் ‘படிக்கப்பட்டதா’ என்னும் நெடுவரிசை இருப்பதாகக் கொள்வோம். சில கட்டங்களில் ‘ஆம்’ என்றும், சிலவற்றில் ‘இல்லை’ என்றும் இருக்கும். எஞ்சியவை வெற்றுக் கட்டங்களாக இருக்கும். பேச்சுவழக்கில் படிக்கப்படாதவை என்னும் எதிர்மறைப் பெயரெச்சவழிச் சொல், படித்ததாகப் பதிவில்லாத அனைத்தையும் தழுவக்கூடும். எஸ்.க்யூ.எல். மொழியிலோ ‘ஆம் என்பதற்குச் சமமல்லாதவை’ என்று எழுதினால் வெற்றுக் கட்டங்கள் விடையில் சேரா. வெற்றுக் கட்டத்தோடு செய்யப்படும் ஒப்பீட்டை அம்மொழி உண்மை என்றும் பொய் என்றும் கொள்ளாமல், அறியப்படாதது என்று மூன்றாவதாகக் கொள்கிறது. பேசுவோரின் எதிர்மறையும் பொறியின் எதிர்மறையும் வேறுபடும் இடம் இது. பாதுகாப்புப் பணிக்கு நிதி ஒதுக்கும் அலுவலர் இவ்வெண்ணை நம்பினால், யாரும் பார்த்திராத ஓலைகளே கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும்.

(3) 1749ஆம் ஆண்டு ஆவணங்கள் எவை?

திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டால் நாள் குறிக்கப்பட்டவை. மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த திருப்படித்தானம் கொல்லம் 925 மகர மாதத்தில், அதாவது கி.பி. 1750 சனவரியில் நிகழ்ந்தது. கொல்லம் ஆண்டுடன் 825ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும் என்னும் வாய்பாடு இந்நிகழ்வுக்குப் பொருந்தும். ஆனால் அதே 925ஆம் ஆண்டின் சிங்க (ஆவணி) மாதத்தில் எழுதப்பட்ட ஓலை 1749ஐச் சேர்ந்தது. அதற்குக் கூட்டவேண்டியது 824. ஆண்டின் மாற்றம் தனு மாதத்தின் இடையே நிகழ்கிறது. மேலும், தென்பகுதியில் சிங்க மாதத்தில் தொடங்கும் இவ்வாண்டு வடமலபாரில் கன்னி மாதத்தில் தொடங்கியது. ஆகவே மாதத்தையும் ஆவணம் எழுந்த வட்டாரத்தையும் நோக்காத கட்டளை, கேட்ட ஆண்டின் ஆவணங்கள் சிலவற்றை விட்டு, கேளாத ஆண்டின் ஆவணங்கள் சிலவற்றைத் தரும்.

இம்மூன்று வினாக்களும் எளிய சொற்களால் ஆனவை. முதலாவதில் சிக்கல் இலக்கணத்தைச் சார்ந்தது. இரண்டாவதில் அளவையியலைச் சார்ந்தது. மூன்றாவதில் உலகறிவைச் சார்ந்தது. எளிமை சொல்லைப் பற்றியது என்பதும், பொருளின் ஒருமையைப் பற்றியது அன்று என்பதும் இவற்றால் புலனாகின்றன.

5. சோதனைத் தொகுப்புகள் காட்டுவன

இத்துறையின் வளர்ச்சி சோதனைத் தொகுப்புகளால் அளக்கப்படுகிறது. 2018இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸ்பைடர் தொகுப்பில் 200 தரவுத்தளங்களைப் பற்றிய 10,181 வினாக்கள் உள்ளன. 2023இல் வெளிவந்த பேர்டு தொகுப்பு, 95 தரவுத்தளங்களுக்குரிய 12,751 வினா–கட்டளை இணைகளைக் கொண்டது.

பேர்டு தொகுப்பில் பல வினாக்களோடு வெளியறிவுக் குறிப்பு ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. வினாவில் வரும் இன்ன சொல் அட்டவணையில் இன்ன நெடுவரிசையின் இன்ன மதிப்பைக் குறிக்கும் என்று அக்குறிப்பு விளக்கும். தொகுப்பை உருவாக்கியோர் அளித்த முடிவின்படி, ஜி.பி.டி.–4 மாதிரி இக்குறிப்பின்றி 34.88 விழுக்காடும், குறிப்புடன் 54.89 விழுக்காடும் சரியான விடை தந்தது. மனிதர் பெற்றது 92.96 விழுக்காடு. பின்வந்த அமைப்புகள் 70 விழுக்காட்டைக் கடந்துள்ளன. இவற்றுள் கருதத்தக்கது முதல் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 20 விழுக்காட்டு வேறுபாடாகும். மாதிரி மாறவில்லை, வினாவும் மாறவில்லை, மனிதர் எழுதிய பொருள்விளக்கம் மட்டுமே சேர்ந்தது. எளிய ஆங்கிலம் தானே போதும் என்னும் கூற்றை இவ்வேறுபாடு ஐயத்திற்குள்ளாக்குகிறது.

இத்தொகுப்புகள் பெரிதும் ஒரு வினாவிற்கு ஒரு கட்டளையே சரியென்று கொண்டவை. எடுத்துக்காட்டு (1) போன்ற வினா இத்தகைய தொகுப்பில் இடம்பெற்றால், தொகுத்தவர் கொண்ட பொருள் சரியாகவும் மற்றது பிழையாகவும் மதிப்பிடப்படும். மேலும், 2019இல் ஸ்பைடர் தொகுப்பு சீனத்தில் பெயர்க்கப்பட்டபோது வினாக்கள் மட்டுமே பெயர்க்கப்பட்டன. அட்டவணை, நெடுவரிசைப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே விடப்பட்டன. தமிழுக்கும் மலையாளத்திற்கும் இவ்வழியே பின்பற்றப்படுமாயின், ஆங்கிலத்தில் தோன்றிய வினாக்களின் நிழல்களே கிடைக்கும். உம்மை, ஏகாரம், எதிர்மறைப் பெயரெச்சம் ஆகியவற்றால் தமிழில் இயல்பாக எழும் வினாக்கள் சோதனைக்கே உட்படா.

6. ஐய வினாவின் தேவை

நன்னூல் வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுக்கிறது. தரவுத்தளத்தை உசாவுபவர் தொடுப்பது அறியா வினா. பொறி தருவது நேரடியான விடை. இவ்விரண்டிற்கும் இடையில் நிகழவேண்டியது, பொறி கேட்பவரை நோக்கித் தொடுக்கும் ஐய வினாவாகும். விடைவகைகளுள் ஒன்றான வினா எதிர் வினாதலை இதனோடு மயக்குதல் ஆகாது. ‘வருவாயா?’ என்றவர்க்கு ‘வராமல் இருப்பேனா?’ என்பதில் விடை உள்ளடங்கி நிற்கிறது. ‘ஒவ்வொரு கட்டிலும் வருவனவா, ஏதேனும் ஒரு கட்டில் வருவனவா?’ என்று கேட்பதில் விடை இல்லை. விடைக்குமுன் தீர்க்கவேண்டிய ஐயமே உள்ளது.

எல்லா வினாவிற்கும் இவ்வாறு திரும்பக் கேட்டால் பயன்படுத்துவோர் சலிப்படைவர் என்னும் தடை எழலாம். அதற்கு வழியுண்டு. வேறுபட்ட பொருள்களுக்குரிய கட்டளைகளைப் பொறி தானே இயக்கிப் பார்த்து, விடைகள் ஒத்திருந்தால் கேளாமல் விடலாம். வேறுபட்டால் மட்டும் கேட்கலாம். தாம் கொண்ட பொருளைக் கேட்டவரின் மொழியிலேயே எழுதிக் காட்டுதலும் வேண்டும். கட்டளையே திரையில் காட்டப்படுகிறதே என்று சிலர் கூறுவர். ஆனால் அக்கட்டளையைப் படிக்கத் தெரிந்தவர்க்கு இக்கருவியின் தேவை குறைவு; தேவை மிகுந்தவர்க்கோ அது படிக்கவியலாத எழுத்தாகும்.

இவற்றைத் திறம்படச் செய்வதற்கு ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் சொல்விளக்க அடைவு ஒன்று தேவை. நெடுவரிசையின் பெயர், அதில் வரும் மதிப்புகள், வெற்றுக் கட்டத்தின் பொருள், காலக்கணக்கு, வழக்குச்சொற்கள் ஆகியவற்றை அது விளக்கவேண்டும். பேர்டு தொகுப்பின் வெளியறிவுக் குறிப்புகள் செய்த பணியை இவ்வடைவு முறையாகச் செய்யும். இதனை எழுதும் திறன் மொழியியலாரிடமும் அகராதியியலாரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் உள்ளது.

7. முடிவுரை

பெரும் மொழி மாதிரிகள் தரவுத்தளத்தின் வாயிலைப் பலர்க்கும் திறந்துள்ளன. ஆயினும் எளிய ஆங்கிலமே போதும் என்னும் கூற்று, வினாவின் பன்பொருண்மையையும் மொழிகளுக்கிடையிலான வேற்றுமையையும் கணக்கில் கொள்ளவில்லை. தவறான கட்டளை பெரும்பாலும் பிழைச்செய்தியைத் தருவதில்லை. நம்பத்தக்க தோற்றமுடைய எண்ணையே தருகிறது. தமிழாய்வில் அத்தகைய எண்கள் சான்றுகளாகப் புகுமுன், எப்பொருளில் வினவப்பட்டது என்பதும் எவ்வடிவங்கள் சேர்க்கப்பட்டன என்பதும் எண்ணோடு சேர்த்து வெளியிடப்படுதல் வேண்டும். 1962இல் கையால் தொகுக்கப்பட்ட சொல்லடைவு மேற்கொண்ட இப்பொறுப்பை இன்றைய கருவிகளிடமும் எதிர்பார்ப்பது மிகையாகாது. தமிழிலும் மலையாளத்திலும் இயல்பாக எழும் வினாக்களைத் திரட்டி, ஒவ்வொன்றிற்கும் உரிய பொருள்கள் அனைத்தையும் குறித்துவைத்த சோதனைத் தொகுப்பொன்றை உருவாக்குதல் இத்திசையில் முதற்பணியாக அமையும்.