ஈஸ்ட்: பொடிக்கே என் ஓட்டு, ஒரு பீர் நீங்கலாக

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் இருவர் சேர்ந்தால் கிளம்பும் சண்டை: பொடி ஈஸ்ட்டா, திரவ ஈஸ்ட்டா? டெக்ஸாஸ் வெயிலில் இருந்துகொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. (1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின் தயவில் அமெரிக்காவில் இதற்குத் தடையில்லை. தமிழ்நாட்டில் குற்றம், அங்கிருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.)

பொடியில் ஃபெர்மென்டிஸின் யுஎஸ்-05, திரவத்தில் வையீஸ்ட் 1056. இரண்டுமே சியரா நெவாடா பீர் ஆலையின் ‘சிக்கோ’ வம்சம் என்று பரவலாகச் சொல்வார்கள். ஹாப்ஸின் கசப்பு முன்னால் நிற்கும் பேல் ஏலில் எது எது என்று என் நாக்குக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சாதிப்பவர்கள் மேல் எனக்கு லேசான சந்தேகம் உண்டு.

வித்தியாசமெல்லாம் வேலையில்தான். பொடி 11.5 கிராம் பாக்கெட். கத்தரித்து, ஆறிய வோர்ட்டின் (நொதிக்காத மால்ட் சாறு) மேல் தூவினால் முடிந்தது. காற்றேற்றக்கூட வேண்டாம், செல் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெராலை ஆலையில் வளரும்போதே சேர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜ் மூலையில் ஒரு வருடம் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

திரவத்துக்கோ மாப்பிள்ளை முறுக்கு. பைக்குள் இருக்கும் சின்னப் பையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி உடைக்க வேண்டும். சத்துநீர் கலந்து, ஈஸ்ட் விழித்து, சில மணி நேரத்தில் பை விம்மி நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதோடு விட்டதா? 19 லிட்டர் நடுத்தர ஏலுக்குச் சுமார் 17,000 கோடி செல்கள் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. புதுப் பையிலேயே 10,000 கோடிதான். ஆகவே லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மால்ட் பொடி போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட்டை ஊற்றி, காந்தக் கலக்கியில் சுழலவிட்டுப் பெருக்க வேண்டும். இதற்குப் பெயர் ஸ்டார்ட்டர். சனிக்கிழமை பீருக்கு வியாழன் இரவே பாத்திரம் கழுவும் பிழைப்பு.

இதைவிட எரிச்சல் பார்சல். வெயிலும் வயதும் இந்தச் செல்களுக்கு எமன். ஜூலையில் ஓர் ஆன்லைன் கடை, ஐஸ் பொதிக்குத் தனிக்காசு வாங்கிக்கொண்டு அனுப்பியது. வாசலுக்கு வந்தபோது அந்த ஐஸ் பொதியைத் தொட்டால் வெதுவெதுப்பு. தேதியைப் பார்த்தால் 4 மாதம் பழசு. திரவ ஈஸ்ட்டின் ஆயுளே சுமார் 6 மாதம். கேட்டதற்கு, “ஸ்டார்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள் சார்” என்கிற தொனியில் பதில். விலையோ பொடியைப் போல ஏறக்குறைய இருமடங்கு!

இவ்வளவு வைதபிறகும் ஒன்றை மட்டும் விட மனமில்லை: வையீஸ்ட் 3068. பவேரியாவின் வைஹென்ஸ்டெஃபான் கோதுமை பீர் வழி வந்தது. நொதிக்கும் தொட்டியின் ஏர்லாக்கருகே மூக்கை வைத்தால் முதலில் வாழைப்பழம், பின்னாலேயே கிராம்பு. வாழைப்பழம் ஐசோஅமைல் அசிடேட்டின் வேலை. கிராம்பு 4-வினைல் குவாயகால். 17 டிகிரிப் பக்கம் நொதிக்கவிட்டால் கிராம்பு தூக்கும், 22-க்கு ஏற்றினால் வாழைப்பழம். இதே பீருக்கென்று விற்கும் பொடிகளில் வாழைப்பழம் கிடைத்தது. கிராம்பைத் தேட வேண்டியிருந்தது.

லாகருக்குக்கூட டபிள்யூ-34/70 பொடி போதும். குளிரில் நொதிப்பதால் இரண்டு பாக்கெட் போடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பொடியே வாங்கலாம். கோதுமை பீருக்கு மட்டும் திரவம். அதையும் கோடையில் பார்சலில் வரவழைக்காமல், கடைக்கு நேரில் போய், தேதி பார்த்து வாங்குங்கள்.