சவர்த் தண்ணி நுளம்பும் என்ர சந்தோசமும்

நுளம்புக் குடம்பியைப் பார்த்துக் கைதட்டுகிற ஆளை நீங்கள் கண்டதுண்டா? நான் தட்டினேன். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்குள், வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளையள் திரும்பிப் பார்க்கப் பார்க்கத் தட்டினேன். அந்தச் சந்தோசம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில் பிறந்தவனுக்குச் சவர்த் தண்ணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். வீட்டுக் கிணறு உடுப்புத் தோய்க்கத்தான்; குடிக்கவென்றால் நல்ல தண்ணிக் கிணற்றுக்குக் குடத்தோடு நடக்க வேணும், இல்லாவிட்டால் பவுசர் வருமட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேணும். சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைத்தண்ணி மெல்லிய படையாகக் கடல்தண்ணிக்கு மேலே மிதக்கிறது, கூட இறைத்தால் உப்பு ஏறிவிடும். இந்த உப்புக்குள் டெங்கு நுளம்பு பெருகாது என்றுதான் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். டெங்கு என்றால் சிரட்டை, பழைய ரயர், பூச்சாடி என்றுதானே எல்லாரும் சொல்லித் தந்தது!

அந்த நிம்மதியை உடைத்தவர்கள் எங்கட ஆட்கள்தான் என்று அறிந்தபோது எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல! யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும், ரஞ்சன் ராமசாமியும், அவர்களோடு சேர்ந்தவர்களும் 2011இல் உலகத்துக்கு எழுதிச் சொன்னார்கள்: டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் கரையோர உவர்நீரிலும் முட்டையிட்டு வளருகின்றன. பாதிக்குப் பாதி கடல்தண்ணி கலந்தாலும் ஈடிஸ் எஜிப்டி வளர்ந்துவிடும் என்பதும், அந்தத் தாங்குசக்தி பரம்பரை பரம்பரையாகக் கடத்தப்படுகிறது என்பதும் பிறகு தெரிந்தது. கிணற்றையும் வாளியையும் வைத்துக்கொண்டு தொடங்கிய வேலை அது, பாருங்கோ!

இனித்தான் என்ர கதை. மருமகள் முறையான பிள்ளை ஒருத்தி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறாள். "மாமா, வந்து பாருங்கோவன்" என்றாள், ஓடிப்போனேன். சின்னக் கண்ணாடித் தட்டில் கலங்கலில்லாத தண்ணி, அதை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துவிட்டு, "தொட்டு நாக்கில வையாதேங்கோ, பாதி கடல்தண்ணி" என்று சிரித்தாள். நான் கண்ணை வைத்தேன். கற்பனை பண்ணிப் பாருங்கோ, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாலடியில் உள்ள குழாயைத் தண்ணி மட்டத்துக்கு நீட்டி மூச்சு வாங்குகிறது அந்தக் குடம்பி, உடம்புக்குள் குடல் நகர்வது தெரிகிறது, பின்பக்கத்தில் கண்ணாடி இதழ் மாதிரி நாலு சின்ன மடல், அவைதான் உப்பைக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிற உறுப்பாம், பிறகு ஒரு சுழி சுழித்து அப்படியே கீழே போய்விட்டது, அந்த இடத்தில்தான் என்ர கை தானாகத் தட்டியது! அதோடு விட்டாளா? பி.சி.ஆர் மெசினுக்கு இழுத்துக்கொண்டு போனாள். 95 பாகைக்குச் சூடாக்கி டி.என்.ஏ ஏணியைப் பிரிக்கும், ஆறவிடும், திரும்பக் கொஞ்சம் சூடாக்கிப் படியெடுக்கும், ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், முப்பது சுற்று முடிய ஒன்று நூறு கோடிக்கு மேலாகும்! அதை ஜெல்லில் ஓடவிட்டு, அறையை இருட்டாக்கி, புற ஊதா வெளிச்சத்தைப் போட்டாள். மின்னிக்கொண்டு வரிசையாகக் கோடுகள் எழும்பின. "ஐயோ பிள்ளை, இது நுளம்பின்ர கையெழுத்தல்லோ!" என்று கத்தியே விட்டேன்.

இன்னும் பெரிய அதிசயம் 2021இல் சுரேந்திரன், ராமசாமி குழு பி.எம்.சி. ஜீனோமிக்ஸ் இதழில் எழுதியது. பிரெஞ்சு ஆய்வாளர்களும் கைகொடுத்த வேலை. உவர்நீர் நுளம்பையும் நன்னீர் நுளம்பையும் பக்கத்தில் வைத்து, எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று ஆர்.என்.ஏயை வாசித்தார்கள். குடல் தனியாக, அந்த நாலு மடல்கள் தனியாக, மிச்ச உடம்பு தனியாக! பாம்பு சட்டை கழற்றுவதுபோல் குடம்பி கூட்டுப்புழுவாகும்போது கழற்றிப்போடுகிற தோலைக்கூட விடவில்லை, அதிலுள்ள புரதங்களைக் கணக்கெடுத்தார்கள், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தோலின் அடுக்குகளைப் பார்த்தார்கள். உப்புக்குள் வாழ நுளம்பு தன் தோலையே மாற்றியிருக்கிறது! பூச்சிமருந்தைச் செயலிழக்க வைக்கும் நொதியக் குடும்பத்தின் மரபணுக்களிலும் வித்தியாசம். கடல் மட்டம் ஏற ஏறத் தீவுகளின் கிணறுகள் இன்னும் உவராகும், அப்போது இந்த அறிவு எவ்வளவு தேவைப்படும் என்று ஒருக்கால் யோசியுங்கோ.

மலேரியாவிலும் இதே கதை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென்று அறிவித்தது. அந்த வருசம் டிசம்பரிலேயே மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெஃபென்சி என்ற, இலங்கைக்குப் புதிய நுளம்பு பிடிபட்டது, பிறகு யாழ்ப்பாணத்திலும். ஆள் யாரென்று ஐயமறச் சொன்னது டி.என்.ஏ.

காசு? அதுவும் வேணும்தான். 2003இல் முடிந்த மனித ஜீனோம் திட்டத்துக்கு ஏறத்தாழ 270 கோடி டொலர் போனது, இன்றைக்கு ஒரு மனிதனின் ஜீனோமை ஆயிரம் டொலருக்குள் வாசிக்கலாம், உள்ளங்கையில் அடங்கி மடிக்கணினியில் செருகுகிற வாசிப்புக் கருவியும் வந்துவிட்டது. தென்கொரியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 5 சதவீதத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறது, இலங்கை 0.1 சதவீதத்தை ஒட்டி. தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் தேசிய விஞ்ஞான மன்றமும் மானியம் தருகின்றன, ஆனால் இரசாயனங்கள் வெளிநாட்டிலிருந்து குளிரோடு விமானத்தில் வர வேணும், டொலரில் கட்ட வேணும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்டில் ஆய்வுகூடக் குளிர்பெட்டியைக் காப்பாற்றுவது லேசான வேலையா? அதற்குள்ளும் இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்றால் எனக்குப் புல்லரிக்காமல் என்ன செய்யும்!

சுவிஸிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கட ஊர்ச் சனம் கோயிலுக்குக் குடுத்திருக்கு, பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திருக்கு. இனி ஒரு ஆய்வு மாணவியின்ர இரசாயனச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கோ. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கோ, புங்குடுதீவின் பன்னிரண்டு வட்டாரக் கிணறுகளிலும் குடம்பி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. ஊருக்கு வந்தால் எனக்குச் சொல்லுங்கோ, வாளியோடு முதலாளாக நான் வாறன்.