கோணேசர் கல்வெட்டிற் குடியேற்றம்: ஒரு மதிப்பீடு

குடியேற்றம் பற்றிப் பேசும் ஈழத்துத் தமிழ் நூல்களுள் கோணேசர் கல்வெட்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது. பெயர் கல்வெட்டாயினும் இது கல்லிற் பொறிக்கப்பட்டதன்று; கவிராசவரோதயர் பெயரால் வழங்கும், செய்யுளும் உரைநடையும் கலந்த நூலாகும். சோழநாட்டினின்று வந்த குளக்கோட்டன் திருக்கோணமலையிற் கோயில் திருப்பணி செய்து, கந்தளாயிற் குளங் கட்டி, மருங்கூர், காரைக்கால் முதலிய இடங்களிலிருந்து குடிகளை அழைத்து வந்து இருத்தினான் என்பது இதன் செய்தி.

அக்குடிகள் ஏன் வந்தனர்? நூல் தரும் விடை ஒன்றே: மன்னன் அழைத்தான். வந்தோரின் வறுமையோ, அச்சமோ, ஆசையோ அங்கு இடம்பெறவில்லை. இதற்குக் காரணம் நூலின் நோக்கமே. தானத்தார், வரிப்பத்தார் என்போருக்குரிய தொழும்பையும் உரிமையையும் நிலைநிறுத்த எழுந்த நூல், வருகையை ஆணையின் விளைவாகவே காட்டல் வேண்டும். விரும்பி வந்தவன் விரும்பிப் போகவுங் கூடுமன்றோ?

எனினும் நூல் மறைப்பதை நூலே புலப்படுத்துகிறது. அழைப்போடு நிலமும் நீரும் வழங்கப்பட்டன. கோணேசுவரத்துக்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டமையை நிலாவெளித் தமிழ்ச் சாசனம் உரைக்கிறது. கந்தளாய்க் குளத்தையோ சூளவம்சம் 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியோடு இணைக்கிறது. அவ்வாறாயின், சோழர் வருமுன்னரே அங்கு வயலும் உழவரும் இருந்திருத்தல் வேண்டும்.

இன்னும் பின்னோக்கின் மன்னனே இல்லை. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் ஈழம் இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்து, மழைக்காட்டுக் குரங்குகளையும் அணில்களையும் வேட்டையாடினர். அவர்களை அழைத்தார் எவருமிலர். உணவும் நீரும் குறைந்தவிடத்து அவை மிகுந்தவிடத்தை நாடுதலும், அப்பால் என்ன உளது என அறியும் வேட்கையுமே அவர்களை இயக்கியிருத்தல் வேண்டும். குளக்கோட்டன் காலத்துக் குடிகளை இயக்கியனவும் இவற்றின் வேறாகா.

குடியேற்றக் கதைகளை நில உறுதிகளாகப் படிக்கும் வழக்கம் இன்றும் ஓயவில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மூதூர் வெருகற் பகுதிகளின் வேடர் வழியினர் ஆகியோர் அடுத்தடுத்து வாழும் இம்மாவட்டத்தில் 'முதலில் வந்தோர் யார்' என்ற வினா, 1983ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் ஊர்விட்டோடியவர்களின் துயரை ஆற்றவில்லை. 'ஏன் வந்தனர்' என்ற வினாவோ அனைவரையும் ஒரே தேவையின் வழிவந்தோராகக் காட்டுகிறது. கோணேசர் கல்வெட்டு அவ்வினாவை எழுப்பவில்லை. ஆயினும் அதற்கு விடைகாணும் சான்றுகளைத் தன்னகத்தே கொண்டிருப்பதே அதன் நிலைத்த பெறுமதியாகும்.