கடல் கடந்த கல்வியும் ஊர் கேட்கும் செவியும்

அயல்நாடு சென்று கற்று மீளும் மாணவனைப் பற்றி நம்மிடையே இரு தீர்ப்புகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அவன் ஊருக்கு ஒளி கொண்டு வருபவன் என்பது ஒன்று. ஊரை மறந்து அந்நியனாகி விட்டவன் என்பது மற்றையது. இவை முரண்பட்டவை போலத் தோன்றினும் ஒரே எடுகோளிலிருந்து பிறந்தவையாகும். அறிவு வெளியே உள்ளது. ஊர் அதனைப் பெறுகிறது, அல்லது பெறாது போகிறது என்பதே அவ்வெடுகோள். ஊரும் அறிவின் ஊற்றாதல் கூடும் என்ற எண்ணத்துக்கு இரண்டிலுமே இடமில்லை.

எகிப்திய எழுத்தாளர் யஹ்யா ஹக்கி 1944இல் வெளியிட்ட 'உம்மு ஹாஷிமின் விளக்கு' என்னும் குறுநாவல் இவ்விடர்ப்பாட்டைக் கூர்மையாகக் காட்டுவது. இங்கிலாந்தில் ஏழாண்டுகள் கண்மருத்துவம் பயின்று கெய்ரோவுக்கு மீளும் இஸ்மாயில், தனக்கென நிச்சயிக்கப்பட்ட பாத்திமாவின் நோயுற்ற கண்களுக்குப் பள்ளிவாசல் விளக்கின் எண்ணெய் இடப்படுவதைக் கண்டு சினந்து, அவ்விளக்கையே உடைக்கிறான். பின்னர் அவனது மருத்துவமும் தோற்கிறது. அவள் பார்வையை இழக்கிறாள். இறுதியில் அறிவியலும் நம்பிக்கையும் அவனுள்ளே இணங்கிய பின்னரே அவள் குணமடைகிறாள். ஆயினும் இவ்விணக்கம் இஸ்மாயிலின் அகத்தளவிலே நிகழ்வது. ஊரார் அவனால் மன்னிக்கப்படுகின்றனர். அவர்களிடமிருந்து அவன் கற்றுக்கொண்டது யாது என்னும் வினா விடையின்றியே நிற்கிறது.

இவ்வினாவுக்கு ஈழத்துத் தமிழாய்வின் வரலாறு வேறொரு விடையைத் தருகின்றது. பேராதனையில் கற்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் முறையே 1966, 1970ஆம் ஆண்டுகளில் கலாநிதிப் பட்டம் பெற்றனர். தொம்சன் கிரேக்க மொழி அறிஞர், மார்க்சியவாதி. எனினும் அவரது புலமையை உருவாக்கியது நூலகம் மட்டுமன்று. 1923 முதல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெற் தீவுக்குச் சென்று, அங்குள்ள மீனவரிடம் ஐரிஷ் மொழியைக் கற்றவர் அவர். அத்தீவினரான மொரிஸ் ஓ சலிவன் தம் இளமைக்கால நினைவுகளை நூலாக எழுதி 1933இல் வெளியிடத் துணைநின்றவரும் அவரே. எழுத்தறியாக் கிழவர்தம் பேச்சில் இயல்பாகப் பொங்கிய கவித்துவமே தமக்கு ஹோமரை விளக்கிற்று என்பது அவரது கருத்தாகும். ஆகவே நம் மாணவர் இருவரும் கடல் கடந்து கண்ட ஆசான், தாமே ஒரு மீனவர் தீவில் மாணவராயிருந்தவர் என்பது கருதத்தக்கது.

அரங்கத் துறையிலும் இதனையொத்த போக்கினை அவதானிக்கலாம். எதிரிவீர சரச்சந்திர ஜப்பானிய நோ, கபுகி அரங்குகளைக் கண்டு மீண்டபின், 1956இல் சிங்கள நாடகம மரபினைத் தழுவி 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். லண்டனில் பத்துப்பாட்டினை ஆராய்ந்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு வயல்வெளிகளில் விடியுமட்டும் ஆடப்பட்ட கூத்தினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' (1968) ஆகியன அம்முயற்சியின் பேறுகளாம். இங்கெல்லாம் அயற்கல்வி ஊரை மறக்கச் செய்யவில்லை. ஊரில் முன்னர் பொருட்படுத்தாதிருந்த ஒன்றைப் பொருட்படுத்தச் செய்தது.

எனினும் பாராட்டுடன் அமைதல் திறனாய்வின் கடன் ஆகாது. கைலாசபதியின் ஆய்வேடு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் வழிவந்த வீரநிலைக் கவிதைகளாக அது நிறுவ முற்பட்டது. அந்நூல் தழுவிய அணுகுமுறைக்கு இரு பாதிகள் உண்டு. மில்மன் பரி ஹோமரின் தொடரமைப்பை ஆராய்ந்ததோடு நில்லாது, 1930களில் யூகோஸ்லாவியப் பாடகர்களை நேரிற் கேட்டுப் பதிவும் செய்தார். கைலாசபதியின் நூலிலோ சான்றுகள் பெரும்பாலும் ஏட்டிலிருந்தே எடுக்கப்பட்டன. வாழும் வாய்மொழி என்னும் மறுபாதியை வித்தியானந்தன் வழிவந்தோர் ஓரளவு ஈடுசெய்தனர். ஆனால் அவர்தம் நோக்கு முதன்மையாக வடக்கு, கிழக்குக் கூத்துகளையே சார்ந்திருந்தது. 1970களில் இவ்வறிஞர் மூவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பணிகளுக்குச் சென்றனர். பேராதனையைச் சூழ்ந்த நாட்டின் தமிழுக்கு அத்துணை வன்மையான செவி வாய்க்கவில்லை எனலாம்.

இக்குறையின் அளவை உணர்தற்கு மாவனல்லை தக்க சான்றாகும். பேராதனையிலிருந்து கொழும்பு வீதியில் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து இறங்கினால் வெகுதொலைவில்லாத ஊர் அது. சிங்களவரும், தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட முஸ்லிம்களும், இறப்பர், தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்த மலையகத் தமிழரும் அடுத்தடுத்து வாழும் கேகாலை மாவட்டத்துக்கு உரியது. அதனருகே நிற்கும் உத்துவன்கந்தைக் குன்று, கண்டி வீதியில் வழிப்பறி செய்த சரதியலின் ஒளிவிடமாகும். செல்வரிடம் பறித்து வறியோர்க்கு ஈந்தவன் என மக்கள் கதை அவனைப் போற்றும். அவனது உற்ற தோழன் மம்மலி மரைக்கார் ஒரு முஸ்லிம். 1864 மார்ச் 21ஆம் நாள் அவர்களைப் பிடிக்கும் முயற்சியில் உயிர்நீத்த பொலிஸ் அலுவலர் சபான் ஒரு மலாயர். தோழர் இருவரும் அவ்வாண்டு மே மாதம் கண்டியில் ஒருங்கே தூக்கிலிடப்பட்டனர்.

வீரன், தோழன், பகை, ஒருங்கே எய்திய சாவு: வீரநிலைக் கதைக்கு வேண்டிய கூறுகள் யாவும் இங்குள. இக்கதை சிங்கள வீட்டில் எவ்வாறு சொல்லப்படுகிறது? முஸ்லிம் வீட்டின் தமிழில் மம்மலி எவ்விடம் பெறுகிறான்? தோட்டத்து லயத்தில் அது கேட்கப்படுகிறதா? சொல்வோன் மாறக் கதையில் மாறுவன யாவை? தொம்சன் தம் தீவில் கேட்ட வினாக்களின் இனத்தவை இவை. அவற்றைக் கேட்கும் கருவியைப் பேர்மிங்ஹாமிலிருந்து பெற்றோம். கணவாயின் கீழே அதனைப் பயன்கொள்ளவில்லை.

இதனை ஆய்வுத்துறைக் குறையாக மட்டும் கொள்ளலாகாது. 2001 மே மாதம் மாவனல்லையில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை மூண்டு, கடைகள் எரிந்தன. ஒரு பழங்கதையை ஆராய்ந்திருந்தால் அத்தீ மூண்டிராது என்பது பேதைமை. ஆயின் இரு சமூகத்தவர் ஒரே தூக்குமேடையில் நின்ற நினைவு ஓர் ஊரிடம் இருக்கையில், அதனைப் பொதுச்சொத்தாக எடுத்துரைக்கும் புலமை இல்லாமை சிறிய இழப்பன்று.

இன்று அரபு நாடுகளுக்கும் மேலைநாடுகளுக்கும் கற்கச் செல்வோர் சபரகமுவச் சிற்றூர்களிலும் உளர். அவர்களுள் மீள்வோரை, கொணர்ந்த பட்டத்தால் ஊர் அளக்கிறது. மாறிய உடையாலும் நாவாலும் சிலவேளை பழிக்கிறது. இரண்டுமே போதிய அளவைகள் அல்ல. இஸ்மாயில் விளக்கை உடைத்தான். பின்னர் அதன் எண்ணெயை ஏற்றான். அவ்வெண்ணெயை நெடுங்காலம் நம்பி வந்தோரிடம் அமர்ந்து, அவர்தம் நம்பிக்கையின் வரலாற்றை அவன் ஒருநாளும் வினவினானில்லை. மீண்டு வந்த மாணவனின் கல்வி நிறைவுறுவது அவ்வினாவிலேயாகும். தொம்சனின் மாணவர் அதனைத் தொடங்கி வைத்தனர். அதனை மாவனல்லை வரை கொண்டு செல்வது அவர்தம் மாணவரின் மாணவர்க்கு எஞ்சியுள்ள பணியாகும்.