கன்னத்தில் முத்தமிட்டால்: திரும்பிப் போன தாய்

கன்னத்தில் முத்தமிட்டால், மணிரத்னம் இயக்கத்தில் 2002 பிப்ரவரி 14 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். மாதவன், சிம்ரன், நந்திதா தாஸ், பிரகாஷ்ராஜ் ஆகியோருடன் பி. எஸ். கீர்த்தனா சிறுமி அமுதாவாக நடித்தார். வசனம் சுஜாதா, இசை ஏ. ஆர். ரகுமான். சிறந்த தமிழ்ப் படம் உட்பட ஆறு தேசிய விருதுகளைப் பெற்றது.

தான் தத்துப்பிள்ளை என்று ஒன்பது வயதில் அறியும் அமுதா, பெற்ற தாயைத் தேடி இலங்கைக்குச் செல்வதே கதை. பெரும்பாலோர் படத்தை இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே ஒரு பயணம் நடந்து முடிந்திருக்கிறது. மாங்குளத்தைச் சேர்ந்த சியாமா கருவுற்ற நிலையில் படகேறி இராமேசுவரம் வருகிறாள். அகதி முகாமில் பிள்ளையைப் பெற்று, அதை அங்கேயே விட்டுவிட்டு, கணவனைத் தேடிப் போர் நடக்கும் மண்ணுக்கே திரும்பிப் போகிறாள். மகள் போவது தாய் போன வழியில்தான்.

சியாமாவின் திருமணத்தையும் அவள் ஊரைவிட்டு வருவதையும் படம் விரிவாகச் சொல்கிறது. திரும்பிப் போனபின் அவள் போராளியான ஆண்டுகளோ பார்வையாளரின் ஊகத்துக்கு விடப்படுகின்றன. போரின் காரணங்களும் அப்படியே. அமுதாவின் வயதுப் பிள்ளை ஒன்று இப்படத்தைப் பார்த்தால், யார் எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்று விளங்கிக்கொள்ள முடியாது. இது படத்தின் குறையே. எம். எஸ். விசுவநாதன் உள்ளிட்டோர் பாடிய பாடலின்போது ஊரே மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறும் காட்சி மனத்தை உலுக்குகிறது என்றாலும், அது காரணங்களுக்கு ஈடாகாது.

கடைசிச் சந்திப்பில் நிலைமை வேறு. மழையில் அமுதா தன் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். சியாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை எரிச்சலூட்டிய மௌனம் இங்கே பொருந்திவிடுகிறது. நந்திதா தாஸ் மிகக் குறைவாகவே பேசி நடித்திருக்கிறார். தன்னுடன் வந்துவிடும்படி மகள் அழைக்க, இந்த மண்ணில் அமைதி வரும் நாளைத்தான் தாயால் சொல்ல முடிகிறது. படம் வெளியான எட்டே நாட்களில், பிப்ரவரி 22 அன்று, இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நிலைக்கவில்லை, போர் முடிந்தது 2009 மே மாதத்தில்.

முகாமில் பிறந்து தத்துக் கொடுக்கப்படாத பிள்ளைகளைப் பற்றிப் படம் பேசவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கீழே உள்ள சின்னசேலத்திலும் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. கடலே கண்ணில் படாத அந்த ஊரில், படகில் வந்த கதையைப் பெரியவர்கள் சொல்லித்தான் பிள்ளைகள் அறிய முடியும். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. அமுதாவும் அதற்குப் பின் பிறந்தவள்தான். அவள் எந்த நாட்டின் குடிமகள் என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. அவளுடைய கேள்விகளிலும் அது இல்லை. முகாம்களில் பிறந்தவர்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும்போது எதிர்கொள்ளும் முதல் கேள்வி அதுதான்.